ஒரு டின் டெட்டனேட்டர்

1. சொல்லிவிட்டேன்

"திஸ் இஸ் டெட்டனேட்டர், சேர்" என்று ஒரு வெள்ளைக்காரரிடம் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது, எனக்குப் பின்னால் பிரேக் வேனின் வாசலில் ராணுவச் சோதனைக்கு ஏறிய ஓர் ஆமிக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த வசனத்தில் ஒரு சொல் மட்டும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இடம் பேராதனைச் சந்தி ரயில் நிலையம். காலம் யுத்த காலம், அதிலும் கண்டியில் பெரஹரா ஊர்வலம் நடக்கிற வாரம். என் பெயர் ராமையா. வேலை ரயில்வே கார்ட். தாய்மொழி தமிழ். இதற்குமேல் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துவிடலாம். ஆனால் அவ்வளவு லேசில் விடமாட்டேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறவனுக்குக் கதையை இழுக்க உரிமையுண்டு.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் வயர்லஸ் இருக்கிறது, கைபேசி இருக்கிறது. எங்களிடம் இருந்தது இரண்டு கொடி, ஒரு விசில், ஒரு விளக்கு, ஒரு டின். அந்த டின் விவகாரத்துக்குப் போகுமுன் கோச்சியை, அதாவது ரயில் வண்டியை, பற்றிச் சொல்லவேண்டும்.

2. பெரியம்மா

அந்த நாட்களில் கொழும்பிலிருந்து கண்டிக்கு ஒரு நீராவிக் கோச்சி ஓடியது. ஊர்ச் சனங்களுக்காக அல்ல, வெளிநாட்டுப் பயணிகளுக்காக. டீசல் எஞ்சின்கள் வந்த பிறகு ஷெட்டின் மூலையில் காகம் கூடு கட்டிக் கிடந்த கிழட்டு எஞ்சின் ஒன்றை ஒரு சுற்றுலாக் கம்பனி எடுத்து, துருவைச் சுரண்டி, பச்சை பெயின்ட் அடித்து, பித்தளையை மினுக்கி, பின்னால் நாலைந்து பெட்டிகளைக் கட்டிக்கொண்டது. டிரைவர், ஃபயர்மேன், கார்ட் மூவரும் ரயில்வே கொடுத்த ஆட்கள். சாப்பாடு, சாராயம், மேளதாளம் எல்லாம் கம்பனி.

நாட்டில் கலவரமும் யுத்தமுமாக இருக்கும்போது வெளிநாட்டுக்காரன் எதற்கு இங்கே வருகிறான் என்று கம்பனி மெனேஜரிடம் கேட்டேன். "இப்ப தான் ஹோட்டல் மலிவு" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன? உண்மையைத்தானே சொன்னார்.

முதல் நாள் அவர் எனக்குப் போட்ட உத்தரவு இது. "கார்ட், நீங்க தலையிலருந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்புல வரணும். பழைய காலத்துக் கார்ட் மாதிரி."

"சேர், புகை இருக்கே?"

"புகை எஞ்சின்ல தானே? நீங்க கடைசிப் பெட்டியில நிப்பீங்க."

கோச்சி முன்னால் போகப் போகப் புகை பின்னால் வரும். பின்னால் நிற்கிறவன் நான். அது பர்னஸ் எண்ணெய் எரிக்கிற எஞ்சின், கரி அள்ளிப் போடுகிற வேலை இல்லை. ஆனால் அந்த விஷயம் புகைக்குத் தெரியாது. முதல் பயணம் முடிந்து வீட்டுக்குப் போனதும் என் மனைவி வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"ஏங்க, எந்த அடுப்புக்குள்ள பூந்து எந்திரிச்சி வர்றீங்க? வெள்ளைக்காரனோட வேல செஞ்சா கொஞ்சம் வெள்ளையா வருவீங்கன்னு பாத்தா!"

ரம்புக்கனை தாண்டினால் ஏற்றம். ஒரு பக்கம் பாறையைக் குடைந்த சுவர், மறு பக்கம் அதலபாதாளம். கீழே படிப்படியாக வயல், அதற்கப்பால் மலை, அதற்கப்பால் இன்னொரு மலை, எல்லாவற்றின் மேலும் ஒரு நீலப் பனிமூட்டம். எத்தனை தடவை பார்த்தாலும் நான் ஒரு நிமிஷமாவது எட்டிப் பார்க்காமல் விட்டதில்லை. சுரங்கம் வந்தால் ஷட்டரை இறக்கச் சொல்லிப் பயணிகளிடம் கெஞ்சுவேன். கேட்கமாட்டார்கள். புகையைக் குடிக்கத்தானே வந்தோம் என்பார்கள். மறுபக்கம் வரும்போது எல்லாரும் என் நிறத்துக்கு வந்திருப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கும் சந்தோஷமாக இருக்கும்.

இதில் ஒரு ரகசியம். அந்த ஏற்றத்தைப் பெரியம்மாவால் தனியே ஏற முடியாது. ரம்புக்கனையில் பின்னால் ஒரு டீசல் எஞ்சினைக் கட்டித் தள்ளுவோம், கடுகண்ணாவையில் கழற்றிவிடுவோம். பயணிகளுக்கு இது தெரியக்கூடாது என்பது மெனேஜரின் கட்டளை. வளைவில் எட்டிப் பார்த்துவிட்டு யாராவது கேட்டால், "அதுவும் கண்டிக்குத் தான் போகுது, துணைக்கு வருது" என்று என் ஆங்கிலத்தில் சமாளிப்பேன்.

பெரியம்மா என்றது எஞ்சினைத்தான். டிரைவர் பியதாச அதை "லொக்கு அம்மா" என்பார். சிங்களத்தில் அதற்குப் பெரியம்மா என்றுதான் அர்த்தம். இந்த நாட்டில் இரண்டு மொழிக்காரரும் தகராறு இல்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே உறவு அந்த எஞ்சினோடு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பியதாச கம்பளைக்காரர், என்னைவிட மூத்தவர். அவரை நான் "ஐயா" என்று கூப்பிடுவேன். சிங்களத்தில் அது அண்ணன். தமிழில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நான் கூப்பிடும்போதெல்லாம் அவருக்கு ஒரு தம்பி கிடைத்தான், கேட்டுக்கொண்டிருக்கும் தமிழர்களுக்கு ஒரு துரை கிடைத்தார்.

கலவரத்தின்போது நானும் மனைவியும் ஒளிந்திருந்தது பியதாச வீட்டுப் பின்னறையில். அவருடைய மனைவி வேளாவேளைக்குப் பொலொஸ் சமைத்துப் போட்டார். பொலொஸ் என்றால் பிஞ்சுப் பலாக்காய்க் கறி. கடைத்தெரு எரிந்து போயிருந்தது, வீட்டு வளவில் இருந்தது பலாமரம் ஒன்றுதான். பாவம், அந்த மனுஷி வேறு என்ன செய்வார்? வெளியே ரோட்டில் ஆட்கள் கத்திக்கொண்டு போவார்கள். உள்ளே நாங்கள் சத்தம் வராமல் பொலொஸ் தின்போம். பயத்தோடு தின்றது பிறகு ஒருநாளும் தொண்டையில் இறங்குவதில்லை. இன்றைக்கும் பலாக்காயைக் கண்டால் எனக்கு அடைக்கும்.

பியதாசவுக்கு இது நன்றாகத் தெரியும். எங்களுக்குள் தினமும் சண்டை. வண்டி லேட் என்றால் நான் அவரைச் சொல்வேன், அவர் என்னைச் சொல்வார். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் அவர் கடைசி ஆயுதத்தை எடுப்பார். "அடே, என் வீட்டுப் பொலொஸைத் தின்ன வாயா இப்பிடிப் பேசுது?" நான் கொடியைச் சுருட்டிக்கொண்டு என் பெட்டிக்குப் போய்விடுவேன்.

அவர் பேசியது சிங்களம். அதை நான் தமிழில் எழுதுகிறேன். இடையிடையே வரும் கெட்ட வார்த்தைகளை வாசிப்பவர்களே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

3. பட்டாசு

கார்டின் பெட்டிக்குள் ஒரு சிவப்பு டின் இருக்கும். அதற்குள் சின்ன பிஸ்கட் அளவில் வட்டத் தகரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஈயத்தில் இரண்டு காது. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் கார்ட் பின்னால் நடந்து போய், இவற்றைத் தண்டவாளத்தின் மேல் வைத்து, காதுகளை மடக்கி இறுக்கிவிட்டு வரவேண்டும். பின்னால் இன்னொரு எஞ்சின் வந்து சக்கரம் ஏறினால் 'டமார்' என்று வெடிக்கும். தண்டவாளத்துக்கு ஒன்றும் ஆகாது. டிரைவர் திடுக்கிட்டு பிரேக் போடுவார். அவ்வளவுதான் விஷயம். பனியில் கொடி தெரியாத மலைநாட்டுக்கு இது அவசியம்.

எங்கள் பேச்சில் இதற்குப் பெயர் பட்டாசு. சிங்கள கார்ட்மாரும் அவர்களுடைய மொழியில் அதையேதான் சொன்னார்கள். விதிப் புத்தகத்தில் இரண்டு பெயர் உண்டு. ஒன்று ஃபாக் சிக்னல், அதாவது மூடுபனி சிக்னல். மற்றது டெட்டனேட்டர். இரண்டாவது பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை. யுத்தம் தொடங்கிய பிறகு அந்தச் சொல் ரேடியோச் செய்தியில்தான் வரும். எங்கோ காட்டில் பிடிபட்ட குண்டுச் சாமான்களைச் சொல்லும்போது, வயருக்கும் பற்றரிக்கும் நடுவில் வரும்.

இவ்வளவும் தெரிந்தவன் எப்படி அதைச் சொன்னான்? எல்லாம் 'மார்வலஸ்' செய்த வேலை.

அன்று பெரஹரா பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்கள் வண்டி நிறைய. அவர்களில் ஒருவர் ரயில் பைத்தியம். அரைக்காற்சட்டை, கழுத்தில் இரண்டு கமரா, வெயிலில் வெந்த மூக்கு. கடுகண்ணாவையில் என் பிரேக் வேனுக்குள் ஏறியவர் இறங்கவே இல்லை. கைபிரேக்கைக் காட்டினேன். "மார்வலஸ்!" என்றார். வாக்குவம் கேஜைக் காட்டினேன். "மார்வலஸ்!" கிழிந்த பச்சைக் கொடியைக் காட்டினேன், அதற்கும் அதே. இத்தனை வருஷ சர்வீஸில் ரயில்வேயில் ஒருவர் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தலை வீங்கிவிட்டது.

பேராதனைச் சந்தியில் சிக்னல் விழவில்லை. சோதனைக்கு ஆமி ஏறியது. அது வழக்கம்தான், நான் பொருட்படுத்தவில்லை. அந்த நேரம் பார்த்து அந்த வெள்ளைக்கார மனுஷன் சிவப்பு டின்னைக் காட்டி, "அண்ட் தட்?" என்று கேட்டார். பட்டாசுக்கு ஆங்கிலம் எனக்குத் தெரியும், கிராக்கர். ஆனால் வாக்குவம் கேஜ் என்று சொன்ன வாயால் கிராக்கர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மூடியைத் திறந்தேன். சொன்னேன்.

4. கேள்வியும் பதிலும்

அடுத்த நிமிஷம் என் இரண்டு கையும் தலைமேல் இருந்தன. முதுகில் துவக்கின் குழாய் முனை. வெள்ளைக்காரர் அப்போதும் ஒரு படம் எடுத்தார். கமராவைப் பறித்துக்கொண்டார்கள்.

என்னை பிளாட்பாரத்தில் இறக்கி, ஒரு லெப்டினன்ட் முன்னால் நிறுத்தினார்கள். இளம் வயது. சவரம் செய்த முகத்தில் தூக்கமில்லாத கண். என் அடையாள அட்டையை வாங்கினார், பெயரை வாசித்தார், தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். அந்தப் பொத்தானைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் திருப்பித் தருவார்கள். பையில் போட்டால் ஜீப்பில் ஏற்றுவார்கள். அந்தக் காலத்தில் எந்தத் தமிழனும் அறிந்த கணக்கு இது.

ஜீப் ஸ்டேஷன் வாசலில் நின்றது. எங்கள் ஷெட்டில் வேலை செய்த ஒரு தமிழ் ஃபிட்டரை முன்பு அப்படித்தான் ஏற்றினார்கள். பையில் வயர் துண்டு வைத்திருந்தாராம். ஃபிட்டர் பையில் வயர் இல்லாமல் வாழைப்பழமா இருக்கும்? நெடுநாள் கழித்து வந்தார். ஷெட்டையே சிரிக்கவைத்த மனுஷன். வந்த பிறகு சிரித்ததை நான் பார்க்கவில்லை. அவருடைய முகம்தான் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார் லெப்டினன்ட்.

பொய் சொல்லக்கூடாது, உண்மையே காப்பாற்றும் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவைப் போல மடத்தனம் வேறில்லை.

"ரயில்வே சாமான், சேர்."

"எதுக்கு?"

"வெடிக்கிறதுக்கு, சேர்."

"எங்க வைப்பே?"

"தண்டவாளத்துல."

"எப்ப வெடிக்கும்?"

"கோச்சி மேல ஏறுனா வெடிக்கும், சேர்."

"யாரு பழக்கினது?"

"எல்லாருக்கும் ட்ரெய்னிங் குடுத்தாங்க, சேர்."

"எல்லாருக்குமா? எத்தனை பேரு?"

சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொரு பதிலும் உண்மை. ஒவ்வொரு பதிலோடும் ஜீப் ஒரு முழம் கிட்ட வந்தது.

ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டும் கண்ணாடியுமாக மரியாதையான மனுஷர். டின்னைப் பார்த்துவிட்டு, "ஓம் சேர், இது ரயில்வேக்குரிய சாமான் தான்" என்று நல்ல சிங்களத்தில் சொன்னார், ஆமாம் என்கிற அந்த 'ஓம்' மட்டும் தமிழில் விழுந்துவிட்டது. லெப்டினன்ட் அவருடைய அட்டையையும் கேட்டார். ஒரு தமிழன் சொன்னால் பேச்சு. இரண்டு தமிழன் ஒரே மாதிரிச் சொன்னால் அது சதி. மாஸ்டர் என் பக்கம் திரும்பாமல் வாய்க்குள் முணுமுணுத்தார்.

"தம்பி, இனி நான் வாய் திறந்தா என்னையும் சேத்தெல்லோ ஏத்துவாங்கள்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தால் முதல் கேள்வியிலேயே ஸ்டேஷனை விட்டு ஓடியிருப்பேன்.

5. பச்சைக் கொடி

சிக்னல் விழுந்தது. வண்டி போகலாம். போகவில்லை. எஞ்சினிலிருந்து பியதாச இறங்கி வந்தார். தலை முதல் கால் வரை எண்ணெயும் புகையும். கையில் ஒரு பெரிய ஸ்பானர் வேறு. அதைக் கீழே வைக்கும்படி ஆமிக்காரர்கள் கத்தினார்கள். வைத்தார்.

"என்ன சேர் தாமதம்? என் கார்டைக் குடுங்க, நான் போகணும்."

"இவன்கிட்ட டெட்டனேட்டர் இருக்கு."

பியதாச டின்னை எட்டிப் பார்த்தார். "ஆமா, டெட்டனேட்டர் தான். சர்வீஸ் முழுக்க நான் இது மேல தானே ஏறி வந்திருக்கேன்."

"கேட்டியா?" என்று லெப்டினன்ட் என்னைப் பார்த்தார். "உன் டிரைவரே சொல்றான், டெட்டனேட்டர் தானாம்!"

உதவிக்கு வந்த புண்ணியவான் வாழ்க. என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

"நீ வண்டியை எடுத்துக்கிட்டுப் போ. கார்ட் எங்ககூட வருவான்" என்றார் லெப்டினன்ட்.

"முடியாது, சேர். கார்ட் பச்சைக் கொடி காட்டாம நான் எடுத்தா என் வேலை போயிரும்."

"வேற யாராவது காட்டட்டும்."

"நீங்களே காட்டுங்க. அப்பிடியே அந்த டின்னையும் எடுத்துக்கிட்டு வந்து கடைசிப் பெட்டியில உக்காருங்க. அது இல்லாமலும் வண்டி போகக் கூடாது. சட்டம்."

லெப்டினன்டுக்கு முகம் சிவந்தது. அந்த நேரத்தில், நிறுத்தி வைத்த கோபத்தில் பெரியம்மாவின் சேஃப்டி வால்வ் திறந்து 'உஸ்ஸ்' என்று ஆவி அடித்தது. ஆமிக்காரர் எல்லாரும் துவக்கை எஞ்சின் பக்கம் திருப்பினார்கள். துவக்கு முனையில் நின்ற எனக்கே சிரிப்பு வரப் பார்த்தது. பெரியம்மாவையும் கைது செய்து ஜீப்பில் ஏற்றுவார்களோ என்று நினைத்தேன்.

மாஸ்டரின் அறையில் டெலிபோன் விடாமல் அடித்தது. பின்னால் ஒரு கோச்சி வெளியே நிற்கிறது, கண்டியிலிருந்து ஒன்று வரவேண்டும், இரண்டு பாதையும் கலக்கிற சந்தி அது. பியதாச கைகட்டிக்கொண்டு நின்றார். லெப்டினன்டைப் பார்த்துப் பேசினார்.

"சேர், இது குண்டா இல்லையான்னு பாக்கிறது லேசு. எஞ்சினைக் கழட்டி அந்தப் பக்கத்து லைனுக்குக் கொண்டு வாறேன். இவன் மூணு வைக்கட்டும். நான் மேல ஏத்துறேன். குண்டுன்னா முதல்ல சாகிறது நான் தானே?"

லெப்டினன்ட் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வை" என்றார்.

6. வெடிக்கவேண்டும், வெடிக்கக்கூடாது

சொன்னால் நம்பமாட்டீர்கள், அதுவரை நான் ஒரு பட்டாசையும் வெடித்ததில்லை. ட்ரெய்னிங்கில் காட்டினார்கள், அவ்வளவுதான். டின் எனக்கு முந்திய கார்டிடமிருந்து வந்தது, அவருக்கு, அவருக்கும் முந்தியவரிடமிருந்து. எத்தனை மழைக்காலம் கண்டதோ தெரியாது. குனிந்து தண்டவாளத்தில் ஈயக் காதை மடக்கும்போது என் மூளைக்குள் ஒரே குழப்பம். வெடிக்காவிட்டால் நான் பொய்யன், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்பார்கள். வெடித்தால் வெடி வைத்தவன். எதை வேண்டிக்கொள்வது? முருகனைக் கூப்பிட்டேன். என்ன கேட்கிறாய் என்று அவர் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது. முதுகிலிருந்த துவக்கு மட்டும் நகரவில்லை.

மூன்றையும் வைத்துவிட்டு வந்து லெப்டினன்டுக்குப் பக்கத்தில் நின்றேன். பிளாட்பாரம் நிறையச் சனம். பெரஹராவுக்குப் போகிற குடும்பங்கள், கம்பஸ் மாணவர்கள், கூடையோடு ஒரு வடைக்காரர். வண்டிக்குள் வெள்ளைக்காரர்கள் ஜன்னலெல்லாம் தலையாகத் தொங்கினார்கள். கம்பனி ஏற்பாடு செய்த காட்சி என்று அவர்களுக்கு எண்ணம்.

பியதாச விசிலை ஒரு தடவை கூவவிட்டு எஞ்சினை நகர்த்தினார். பெரியம்மா ஆடி அசைந்து வந்தாள். முதல் பட்டாசின் மேல் சக்கரம் ஏறியது.

ஒன்றுமில்லை. 'சப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

லெப்டினன்ட் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். ஆமிக்காரர் ஒருவர் சிரித்தார். ஜீப் ஸ்டார்ட் பண்ணும் சத்தம்கூடக் கேட்டதுபோல இருந்தது.

அப்போதுதான் இரண்டாவதும் மூன்றாவதும் வெடித்தன.

மலைக்கு நடுவில் இருக்கிற ஸ்டேஷன். சத்தம் ஒரு மலையில் பட்டு மற்ற மலையில் பட்டுத் திரும்பத் திரும்ப வந்தது. எங்கோ கடைக் கதவுகள் படபடவென்று விழுந்தன. காகங்கள் கிளம்பின, பிறகு பேராதனைப் பூந்தோட்டத்துப் பக்கமிருந்து வௌவால்கள் பட்டப்பகலில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வானத்தைக் கறுப்பாக்கின.

நான் இதில் எதையும் உடனே பார்க்கவில்லை. முகம் தரையில் இருந்தது. கை காதை மூடியிருந்தது. எப்போது விழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. மெல்லத் தலையை நிமிர்த்தினால், பிளாட்பாரத்தில் நிற்கிற ஒரு மனுஷரைக் காணோம். தாய்மார் பிள்ளைகளுக்குமேல் கவிழ்ந்து கிடந்தார்கள். மாணவர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். வடைக்காரர் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். ஆமிக்காரர் அத்தனை பேரும் துவக்கோடு தரையில். இத்தனைக்கும் வெடிக்கும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். மாஸ்டரின் குரல் மேசைக்கடியிலிருந்து வந்தது. "முடிஞ்சுதோ?"

நின்றவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான். கைதட்டினார்கள். "மார்வலஸ்!" என்று ஒரு குரல் கேட்டது. யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு ஒரு முழத்துக்கப்பால், தொப்பி உருண்டு போக, லெப்டினன்டின் முகம். அவரும் படுத்திருந்தார். இருவரும் அப்படியே ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நீ ஏன் படுத்தே?" என்றார்.

"பயம், சேர்."

"நீ தானே வச்சே?"

"நான் தான் வச்சேன், சேர். இருந்தாலும் பயமா இருந்திச்சு."

உருண்டு கிடந்த தொப்பியைக் கையால் எட்டி இழுத்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "குண்டு வைக்கிறவன் இப்பிடிப் பயப்பட மாட்டான்" என்றார்.

எழுந்து நின்றோம். முழங்காலைத் தட்டிவிட்டு, என் அட்டையை எடுக்கப் பையில் கை வைத்தார். பொத்தான் வரவில்லை. விரல் நடுங்கியது. இன்னொரு தடவை முயன்றார், வரவில்லை. அவருடைய ஆட்கள் பார்க்காதபடி எனக்குப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். நான் கையை நீட்டி, அவருடைய சட்டைப் பொத்தானைத் திறந்து, என் அட்டையை நானே எடுத்துக்கொண்டேன். எடுத்த பிறகு பொத்தானைப் பூட்டியும் விட்டேன். அவர் தடுக்கவில்லை.

"போ" என்றார். "கொடியைக் காட்டு."

7. கண்டியில் சாப்பாடு

எஞ்சினைத் திரும்ப மாட்டியதும் கொடி காட்டினேன். கை ஆடியதில் கொடி தானாகவே அசைந்தது, நான் ஆட்டவேண்டிய அவசியம் இருக்கவில்லை. கண்டிக்கு வந்து சேர்ந்ததும் பியதாச என்னைத் தேடி வந்து, முதல் வேலையாக ஏசத் தொடங்கினார்.

"ஃபாக் சிக்னல்னு சொன்னா உன் நாக்கு அறுந்து போயிருமா, மோடயா? பனின்னு சொன்னா எவன் பயப்படுவான்?"

"ஞாபகம் வரல, ஐயா."

"வெள்ளைக்காரனைக் கண்டா உனக்கு என்ன தான் ஞாபகம் வரும்?"

எஞ்சினின் படியில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தார். சோறு, பருப்பு, பொலொஸ். பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அவருடைய கையும் அவ்வளவு சரியாக இல்லை, சோறு வாய்க்குப் போகுமுன் சிந்தியது. பட்டாசுமேல் ஏறும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்பதை அப்போதுதான் யோசித்தேன். எனக்காகத்தான் ஏறினார். கண்ணில் நீர் வந்துவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன். பொலொஸ் தொண்டையை அடைக்கத்தான் செய்தது. ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டேன்.

இதிலிருந்து இளைய கார்ட்மாருக்கு என்ன பாடம் என்று கேட்கிறார்கள். முதல் பாடம், யாராவது 'மார்வலஸ்' என்றால் உடனே டின்னை மூடுங்கள். இரண்டாவது, டிரைவரோடு தினமும் சண்டை போடுங்கள், ஆனால் அவர் தரும் சாப்பாட்டை மறுக்காதீர்கள்.

மூன்றாவதை நான் மேடையில் சொல்வதில்லை. பிரிவுபசார விழாவில் என்னை வீரன், தீரன் என்றெல்லாம் புகழ்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் தந்தார்கள். வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன். பேராதனையில் அந்தச் சத்தத்துக்கு நான் வீரனாக நிமிர்ந்து நின்றிருந்தால், அந்தப் பொத்தான் திறந்திருக்காது.